ஏமாற்றியவனுக்கும் பாதியில் போனவனுக்கும் ஒரே தராசா?

பல்லடம் பக்கம், விசைத்தறி ஓடும் ஊரில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கம்பிகள் உரசினால் போதும், மின்சாரம் போய்விடும். போன ஆடியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஒரு யானை கூடுதலாக வைத்துக்கொண்டு இணையத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். தறிச்சத்தம் சட்டென்று நின்றது, வைஃபையும் நின்றது. கரண்டு வந்தபோது திரையில் தோல்வி, கூடவே ஆட்டத்தைக் கைவிட்டதற்கான எச்சரிக்கை.

அதே வாரம் இன்னொரு பையன் வேறொருவனிடம் தோற்றான். எதிராளி எல்லா நகர்வுக்கும் ஏழெட்டு வினாடி எடுத்தான். வெட்டுப்பட்ட ராணிக்குப் பதிலாக ராணியை வெட்டவும் அதே ஏழெட்டு வினாடி. கணினியிடம் கேட்டுக் கேட்டு ஆடியிருக்கிறான். இரண்டு நாளில் அந்த எதிராளியின் கணக்கு முடக்கப்பட்டது. பையன் இழந்த தரவரிசைப் புள்ளி மட்டும் திரும்பவில்லை.

மோசடிக்குப் பெரும்பாலான தளங்கள் தரும் தண்டனை கணக்கு முடக்கம். அது மட்டும் போதாது என்பேன். சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-இல் ஏற்ற, ஆட்டக்காரரின் பலத்தைப் புள்ளியாகக் கணக்கிடும் ஈலோ முறையில், சம பலமுள்ள இருவர் ஆடி ஒருவர் வென்றால், மாற்றக் கெழு (ஓர் ஆட்டத்தில் புள்ளி எவ்வளவு மாறலாம் என்ற அளவு) 20 எனில் 10 புள்ளி கூடும். தோற்றவருக்கு அதே 10 குறையும். கணினி சொல்லிக்கொடுத்து 400 புள்ளி ஏறியவன் அதைப் பிறரிடமிருந்துதான் எடுத்திருக்கிறான். கணக்கை மூடினால் அந்தப் புள்ளிகள் அதோடு புதைந்துவிடும். பறிகொடுத்தவர்கள் தரவரிசையில் கீழேயே கிடப்பார்கள். லிசெஸ், செஸ்.காம் ஆகிய இணையச் சதுரங்கத் தளங்கள் இரண்டும் பிடிபட்டவனிடம் அண்மையில் தோற்றவர்களுக்குப் புள்ளியைத் திருப்பித் தருகின்றன. இதுதான் சரியான வழி. ஈரோட்டு இனியன் 2019-இல் கிராண்ட்மாஸ்டர் ஆனதைச் சொல்லித்தான் பிள்ளைகளைப் பலகைக்கு இழுக்கிறேன். அவர்களுக்குத் தரவரிசைப் புள்ளி உழைப்பின் கூலி. ஆனால் கணக்கை மூடுமுன் ஒரு மனிதர் ஆட்டங்களைப் பார்த்தாக வேண்டும், மேல்முறையீடும் வேண்டும்.

பாதியில் போவது வேறு சங்கதி. தோற்கும்போது கடிகாரத்தை ஓடவிட்டு எழுந்து போகிறவனும் இருக்கிறான், கரண்டு போன சிறுமியும் இருக்கிறாள். ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து இருவரையும் பிரிக்க எந்த நிரலாலும் முடியாது. தோல்வியோடு கூடுதல் புள்ளியும் வெட்டும் முறை அவளைத்தான் அதிகம் அடிக்கும். புள்ளி பலத்தைக் காட்டத்தான், ஒழுக்கத்தை அளக்க அல்ல.

டோட்டா 2 என்ற இணையக் கணினி விளையாட்டில், ஆட்டத்தை விட்டுப்போகிறவர்களைத் தனி வரிசையில் தள்ளி, குறித்த எண்ணிக்கையில் வென்றால்தான் வெளியே விடுகிறார்கள். ஐவர் அணி ஆட்டத்துக்கு அது பொருந்தும்; ஒருவர் போனால் நான்கு பேர் மாட்டிக்கொள்கிறார்கள் அல்லவா? இருவர் ஆடும் சதுரங்கத்துக்கு அவ்வளவு தேவையில்லை.

எனக்குப் பிடித்தது லிசெஸ் வழி. எதிராளி காணாமல் போனால் கொஞ்ச நேரம் பொறுத்து, வெற்றியைக் கோரலாம், அல்லது டிரா என்று விட்டுக்கொடுக்கலாம். திரும்பத் திரும்ப ஓடுகிறவனுக்குத் தற்காலிகத் தடை, அதுவும் நீண்டுகொண்டே போகும். ஆடிக் காற்றில் ஒருமுறை இணைப்பு அறுந்தவளுக்கு ஓர் ஆட்டம்தான் நட்டம். வழக்கமாக ஓடுகிறவனுக்கு மாலையே போய்விடும். அந்த டிரா பொத்தானை எங்கள் வகுப்பில் பிள்ளைகள் அழுத்துவதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டும் மழை நாள்.