அக்கா வாங்காத லோனுக்கு அக்கா பேர்ல ஓவர்டியூ, எல்லாரும் உங்க சிபில் ரிப்போர்ட்ட எடுத்து பாத்துருங்க

எங்க அக்கா போன்ல லோன் ஆப்னு ஒண்ணு கூட இருந்ததில்ல. ஆனா அவங்க பேன் நம்பர்ல ஒரு ஆன்லைன் லோன் கம்பெனி ரெண்டு லோன் குடுத்துருக்கான், ரெண்டுமே கட்டாம ஓவர்டியூ ஆகி கெடக்கு, வீட்டு லோனுக்கு போன எடத்துல பேங்க்ல சிபில் ரிப்போர்ட்ட, அதாவது நம்ம பேர்ல இருக்க கடன் எல்லாத்தையும் காட்டுற ரிப்போர்ட்ட காட்டி முடியாதுன்னு சொன்னப்பதான் எங்களுக்கே தெரியும்.

ரிப்போர்ட் எடுத்தா ஸ்கோர மட்டும் பாத்துட்டு மூடிராதீங்க. போன் நம்பர், அட்ரஸ் போட்டிருக்க பகுதிய பாருங்க, அங்க அக்காவோடது இல்லாத ஒரு நம்பர் இருந்துச்சு. சந்தேகப்பட்டு, நம்ம பேர்ல எத்தன சிம் இருக்குன்னு காட்டுற சஞ்சார் சாத்திங்கற கவர்மெண்ட் சைட்ல அக்கா நம்பரும் ஓடிபியும் போட்டு பாத்தா அவங்க வாங்காத ஒரு சிம் அவங்க பேர்ல ஓடிட்டு இருக்கு! என் நம்பர் இல்லன்னு அங்கயே குறிச்சு குடுத்தோம். எந்த ஜெராக்ஸ்ல இருந்து போச்சுன்னு இன்னும் தெரியல, லாட்ஜ், வாடகை வீடு, ஸ்கூல் அட்மிஷன்னு எல்லாரும் ஆதார் காப்பி கேக்குறாங்க, குடுக்காம என்ன பண்ணுவாங்க.

கம்பெனிக்கு போன் பண்ணா பேன் உங்களோடது, கேஒய்சி (ஆள் யாருன்னு சரிபாக்குறது) முடிஞ்சிருக்கு, கட்டிட்டு பேசுங்கன்னு ஒரே பாட்டு. கொஞ்சமா கட்டுங்க மேடம் செட்டில்மெண்ட் போட்டு தரோம்னு வேற ஆச காட்டுனான். தயவுசெஞ்சு ஒரு ரூபா கூட கட்டாதீங்க, கட்டுனா லோன் உங்களோடதுதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி பேசுவான். நாங்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப மெயில்ல கேட்டோம், பணம் எந்த பேங்க் அக்கவுண்டுக்கு போச்சு? கடன் வாங்குறவங்க அக்கவுண்டுக்குதான் பணம் நேரா போகணும்னு ஆர்பிஐ 2022லயே சொல்லிருக்கு. அதுக்கு மட்டும் பதில் வரவே இல்ல, அதுக்குள்ள கலெக்ஷன் ஆளுங்க அக்கா ஆபீசுக்கு போன் போட்டு அசிங்கமா பேசுறான். எவனோ வாங்குன கடனுக்கு அவங்க ஆபீஸ்ல தலகுனிஞ்சு நிக்கணுமா?

சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன் 1930ல சொல்லிட்டு சைபர் கிரைம்ல கம்ப்ளைண்ட் குடுத்து சிஎஸ்ஆர், அதாவது போலீஸ் தர்ற ரசீது வாங்கி, அதோட இந்த லோன் எங்களோடது இல்லன்னு சிபில்ல டிஸ்ப்யூட் போட்டோம். 30 நாளுக்குள்ள முடிக்கலன்னா அதுக்கு மேல ஒரு நாளைக்கு 100 ரூபா நமக்கு நஷ்டஈடு தரணும்னு ஆர்பிஐ ரூல் இருக்கு, இத மெயில்ல எழுதுன பிறகுதான் கொஞ்சம் அசைஞ்சாங்க. போன்ல பேசுறது எதுவும் நிக்காது, எல்லாத்தையும் எழுத்துல வாங்குங்க.

சிபில் மட்டும் போதாது, அதே மாதிரி ரிப்போர்ட் தர்ற கம்பெனிங்க எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூணுலயும் பாருங்க, வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் ஒவ்வொருத்தரும் இலவசமா தரணும், காசு கேக்குற பக்கத்துக்கு தள்ளி விடுவாங்க, இலவச ஆப்ஷன் உள்ள ஒளிஞ்சிருக்கும் தேடுங்க. அப்பா அம்மாவுக்கு ஆதார் பயோமெட்ரிக்க லாக் பண்ணி வைங்க, ஏன்னா கைரேக வச்சு பணம் எடுக்குற எடத்துல ஓடிபி கேக்காது. காப்பி கேட்டா கடைசி 4 நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார, ஆதார் குடுக்குற யுஐடிஏஐ சைட்ல டவுன்லோட் பண்ணி அத குடுங்க, வாங்க மாட்டேன்னு சொன்னா விடாம கேளுங்க.

இப்ப ஒரு லோன ரிப்போர்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. இன்னொண்ணு அப்படியே நிக்குது, கம்பெனிக்கு குடுத்த 30 நாளும் முடிஞ்சதால பேங்க், லோன் கம்பெனி மேல வர்ற புகார விசாரிக்கிற ஆர்பிஐ ஓம்புட்ஸ்மேன்ல கம்ப்ளைண்ட் போட்ருக்கோம், வீட்டு லோன் அதுவரைக்கும் நிறுத்தி வச்சிருக்கு.