பட்டைப்புழுவுக்கு ஸ்போக் கம்பியா, மண்ணெண்ணெய்ப் பஞ்சா?

எங்கள் பின்கட்டுத் தோட்டத்தில் கொய்யா, மா, நெல்லி மூன்றையும் பட்டைப்புழு பிடிக்கிறது. கவட்டையில் மரத்தூளும் எச்சமும் சேர்ந்து பழுப்புத் திரையாக ஒட்டியிருந்தால் அதுதான். இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. இரவில் திரைக்குள் பட்டையைச் சுரண்டித் தின்றுவிட்டு, பகலில் தண்டைக் குடைந்த துளைக்குள் பதுங்கிக்கொள்ளும். அதனால் மேலே மருந்து தெளித்துப் பயனில்லை. முன்பு துளைக்குள் விட்ட டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்தும் 2020 இறுதியோடு நாடு முழுக்கத் தடையாகிவிட்டது.

சரி, மண்ணெண்ணெய்ப் பஞ்சு. திரையைத் துடைத்துவிட்டு, நனைத்த பஞ்சைத் துளையில் திணித்துக் களிமண் பூச வேண்டும். ஆழத்தில் இருக்கும் புழுவுக்கும் நெடி எட்டும். மண்ணெண்ணெய்க்குத்தான் அலைய வேண்டும்.

நான் கம்பிப் பக்கம். பழைய சைக்கிள் ஸ்போக் போதும். துளை உள்ளே போய்க் கீழே திரும்பும் என்பதால் நுனியைக் கொஞ்சம் வளைத்து, ஓரம் சிதையாமல் குத்த வேண்டும். நுனியில் ஈரம் ஒட்டி வந்தால் புழு மாட்டியது.

கம்பியை நான் விடாததற்குக் காரணம் பராமரிப்பு. செட்டிநாட்டில் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. கார்த்திகை தீபத்துக்குப் பின் வரும் பிள்ளையார் நோன்புக்கோ கல்யாணத்துக்கோதான் சொந்தக்காரர்கள் வருவார்கள். மற்ற நாளெல்லாம் மரங்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் பொறுப்பு. கம்பி குத்திய துளை திறந்தே இருக்கும். புழு பிழைத்திருந்தால் சில இரவுகளில் புதுத் தூள் கட்டும். வாசல் கூட்டுகிறவர்கூட அதைப் பார்த்துவிட்டு, அதே கம்பியால் மறுபடி குத்திவிடலாம். பஞ்சு வைத்த இடத்தில் மண் வெடித்தாலோ மழையில் கரைந்தாலோ பஞ்சு, எண்ணெய், மண் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் அதை யார் செய்வார்கள்?

தப்பிய ஒரு புழு லேசுப்பட்டதல்ல. புழுப் பருவமே 9 முதல் 11 மாதம். மே, ஜூனில் அந்துப்பூச்சி பட்டை இடுக்கில் முட்டையிடும். புரட்டாசி, ஐப்பசியில் புழு சிறிது, துளையும் ஆழமில்லை. கம்பிக்கு அதுதான் நல்ல நேரம். நோன்புக்கு வந்து பார்க்கும்போது துளை ஆழமாகியிருக்கும். குத்தியும் திரை திரும்பக் கட்டும் துளைக்கு மட்டும் நானும் பஞ்சு வைக்கிறேன்.

உயரமான பலாவில் கம்பியைப் பயன்படுத்தி எனக்குப் பழக்கமில்லை. அங்கே அடிக்கடி ஏணி போட முடியாதவர்களுக்குப் பஞ்சும் மண்ணுமே வசதியாக இருக்கலாம்.