நட்டில் ஒரு மில்லிமீட்டர்: நான்கு ஆண்டு வாசிப்புக்குப் பிறகு

சிங்கப்பூரின் தெம்பனீஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் வைத்துத்தான் என் அகூஸ்டிக் கிட்டாரைச் செய்து முடித்தேன். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மரத்தைப் பற்றியும் பசையைப் பற்றியும் மாதக்கணக்கில் படித்திருந்தேன். கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதை மட்டும் ஒரே மாலையில் முடிவுசெய்தேன். அன்றாடம் கைக்குத் தெரிவது அந்த முடிவுதான்.

கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கும் சிறு துண்டுதான் நட்டு. அதன் அகலம் 44.45 மி.மீ., அதாவது ஒன்றே முக்கால் அங்குலம். விரலால் மீட்டுகிறவர்கள் விரும்பும் அளவு இது. 42.86 மி.மீ. எனக்கு நெருக்கமாகப் பட்டது. கிளாசிகல் கிட்டாரின் 52 மி.மீ. என் கைக்கு எட்டாது. இதுவரை சரி. ஆனால் அகலம் வேறு, அதற்குள் கம்பிகள் உட்காரும் இடம் வேறு. தாராளமாக இருக்கட்டும் என்று முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடையே 39 மி.மீ. விட்டேன். இரு ஓரங்களிலும் மிஞ்சியது 2.7 மி.மீ.தான்.

நான் அதிகம் வாசிப்பது கர்நாடக இசை. தோடி ராகத்தில் காந்தாரத்தை ('க' சுரத்தை) அசைக்கும்போது, இரண்டாம் மூன்றாம் ஃபிரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளில்) முதல் கம்பி கழுத்தின் விளிம்பைத் தாண்டி நழுவும். 'டக்' என்ற ஓசையோடு சுரம் அறுந்துபோகும். ஃபிரெட்டின் முனையைச் சரிவாக ராவியிருப்பதால், அந்த 2.7 மி.மீ.கூட முழுதாகப் பயன்படுவதில்லை. இங்குள்ள ஈரப்பதத்தில் மேற்பலகை உப்பிக் கம்பிகள் உயர்ந்துவிட, இன்னும் அழுத்தி வாசிக்க வேண்டியதாயிற்று. கிட்டார் இருக்கும் அறையில் ஈரம் உறிஞ்சும் கருவி வைத்த பிறகு உயரம் அடங்கியது, நழுவல் நிற்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்த்துவிட்டு நட்டைத் தட்டி எடுத்தேன். புதிய எலும்புத் துண்டில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடைவெளியை 38 மி.மீ. ஆக்கி, முதல் கம்பியின் பக்கம் 3.4, ஆறாம் கம்பியின் பக்கம் 3.05 மி.மீ. ஓரம் விட்டேன். கூடவே இன்னொரு பிழையையும் திருத்தினேன். முன்பு மையத்துக்கு மையம் சமமாகப் பிரித்திருந்தேன். 38 மி.மீ.ஐ அப்படிப் பிரித்தால் ஒவ்வொன்றும் 7.6 வரும், கம்பிகளின் தடிமன் போக, மெல்லிய முதல் இரண்டுக்கு நடுவே 7.2 மி.மீ. வெற்றிடம், தடித்த கடைசி இரண்டுக்கு நடுவே 6.4தான். விரல் நுழைவது அந்த வெற்றிடத்தில் அல்லவா? இப்போது ஐந்து வெற்றிடங்களும் ஏறக்குறைய 6.85. கூரான பென்சிலால் கோடிட்டு, வெர்னியரால் அளந்து, மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவ ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று. மறுநாளே காந்தாரம் நின்று பேசியது. ஐந்தாம் ஆறாம் கம்பிகளில் விரல் உரசி ஒலி மங்குவதும் குறைந்தது.

கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் சேடில் பக்கம், முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடையே 57 மி.மீ.; கம்பிக்குக் கம்பி 11.4. என் வலக்கை விரல்களுக்கு அது சொர்க்கம். பிக் (மீட்டும் சிறு தகடு) பிடித்துத் தாளம் தட்டும் என் மகளோ அகலம் என்கிறாள். அவளுக்கு 54 பொருந்தும். ஆனால் அதை மாற்ற வழியில்லை: நட்டைச் சில வெள்ளிக்குப் புதிதாகச் செய்துகொள்ளலாம், சேடில் அமர்ந்திருக்கும் பிரிட்ஜில், கம்பிகளைப் பிடித்துவைக்கும் முளைகளுக்குத் துளையிட்டுவிட்டால் இட்டதுதான்.

அவளுக்கென்று இரண்டாவது கிட்டார் தொடங்கியிருக்கிறேன். இம்முறை வீணான பலகைத் துண்டில் ஆணி அடித்து, 54, 55.5 என இரு அளவுகளில் கம்பி கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் ஒரு மாதம் வாசித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் துளைக் கருவியைக் கையில் எடுப்பேன்.