ஊசியா, மரபணுவா, கூழா? புது இரத்த நாளம் வளர்க்க மூன்று வழிகள்

இரத்தம் போதாத தசைக்கு வளர்ச்சிக் காரணியை, அதாவது புது நாளங்களை முளைக்கத் தூண்டும் புரதத்தை, கொண்டுசேர்க்க மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. புரதத்தை நேராக ஊசியில் ஏற்றலாம். அதன் மரபணுவைப் பிளாஸ்மிடாக, அதாவது சிறு டிஎன்ஏ வளையமாக, செலுத்தலாம். ஜெலட்டின் கூழில் பிணைத்து மெல்லக் கசிய விடலாம். தொடைத் தமனியைக் கட்டிய சுண்டெலிகளில் நாங்கள் கூழைத்தான் வைத்தோம். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக வாசிக்க வேண்டாம்.

எளிமையில் ஊசிக்கு நிகரில்லை. அளவும் துல்லியமாகத் தெரியும். ஆனால் இரத்தத்தில் கலந்த விஇஜிஎஃப் (VEGF) என்ற வளர்ச்சிக் காரணி ஆற்றில் கரைத்த புளிதான். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடும். 178 இதய நோயாளிகளிடம் நடந்து 2003இல் வெளியான விவா ஆய்வில், 60ஆம் நாள் நடைப்பயிற்சிச் சோதனையில் அது போலி மருந்தை மிஞ்சவில்லை. அளவைக் கூட்டினால் நாளம் கசியும், இரத்த அழுத்தம் சரியும். 1983இல் இந்தப் புரதத்தை முதலில் அடையாளம் கண்டதே நாளத்தைக் கசிய வைக்கும் பொருளாகத்தான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது காலம். புதிதாக முளைக்கும் நாளம், உட்சுவர்ச் செல்களால் ஆன வெறும் குழாய். அதைச் சுற்றித் தாங்குசெல்கள் ஒட்டிக்கொள்ளும்வரை தூண்டுதல் தொடர வேண்டும். இடையில் நின்றால் முளைத்தது சுருங்கி மறையும். அதற்காக ஓரிடத்தில் கொட்டிக் குவித்தாலும் ஆபத்து. எலித் தசையில் செய்த ஆய்வுகளில், மொத்த அளவு ஒன்றாக இருந்தும், செல்லைச் சுற்றிய செறிவு எல்லை கடந்த இடங்களில் ஒழுங்கற்ற நாளக் கட்டிகள் வளர்ந்தன. ஆக, கொஞ்சமாக, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

இதற்குத் தோதானது அமில ஜெலட்டின். அதன் எதிர்மின்னேற்றம், நேர்மின்னேற்றமுள்ள எஃப்ஜிஎஃப்-2 (FGF-2) என்ற மற்றொரு வளர்ச்சிக் காரணியைப் பிடித்து வைக்கிறது. திசுவின் நொதிகள் கூழை அரிக்க அரிக்கப் புரதம் வெளிவரும். ஜெலட்டின் இழைகளைக் குளூட்டரால்டிஹைடால் ஒன்றோடொன்று கோக்கும் குறுக்குப் பிணைப்பைக் கூட்டினால் நாட்கள் வாரங்களாக நீளும். எஃப்ஜிஎஃப்-2 மென்தசைச் செல்களையும் பெருக்குவதால் நாளச் சுவர் தடிக்கவும் வாய்ப்புண்டு. தொல்லை இல்லாமலில்லை: ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் பிணைப்பு சற்று மாறும், எஞ்சிய குளூட்டரால்டிஹைடைக் கிளைசினால் அடக்கிக் கழுவுவதற்குள் பொறுமை போய்விடும்.

பிளாஸ்மிடை நான் கையாண்டதில்லை. படித்ததை வைத்தே சொல்கிறேன். தசையே வாரக்கணக்கில் புரதம் செய்யும் என்பது அழகான யோசனை. எத்தனை செல்கள் அதை ஏற்கும், ஒவ்வொன்றும் எவ்வளவு சுரக்கும் என்பது நம் பிடியில் இல்லை. காலில் இரத்த ஓட்டம் மிகக் குறைந்த 525 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான தமாரிஸ் ஆய்வில், எஃப்ஜிஎஃப்-2இன் உறவான எஃப்ஜிஎஃப்-1இன் பிளாஸ்மிட் கால் துண்டிப்பையோ இறப்பையோ குறைக்கவில்லை. எச்ஜிஎஃப் (HGF) என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணிக்காக ஜப்பான் 2019இல் நிபந்தனையுடன் அனுமதித்த பிளாஸ்மிடும் 2024இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

எங்கள் கூழுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நாங்கள் பயன்படுத்திய கறுப்புச் சுண்டெலி வகை மருந்தே இல்லாமலும் பெரும்பாலும் தேறிவிடும். அதனால் கூழின் பங்கைப் பிரித்தறிவது கடினம். அடுத்த சுற்றை, தானாக எளிதில் தேறாத பால்ப்-சி (BALB/c) வகை வெள்ளைச் சுண்டெலிகளில் தொடங்குகிறோம்.