சத்தமே இல்லாத ஹேக்கிங் லேப்: திங்க்சென்டர் எம்720க்யூ டைனி

செக்யூரிட்டி படிக்க வீட்டுல ஒரு லேப் வேணும், ஆனா கம்பெனிகள்ல அலமாரியில அடுக்கி வைக்கிற பழைய ராக் சர்வர் வாங்கினா அது போடுற இரைச்சலுக்கு வீட்டுல யாரும் விடமாட்டாங்க, அதனால ரீஃபர்பிஷ்டு லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ டைனிங்கிற குட்டி பிசி எடுத்தேன். ஒரு லிட்டர் சைஸ்தான், மானிட்டர் பின்னாடி கூட மாட்டிடலாம். உள்ள இன்டெல் ஐ5-8500டி ப்ராசஸர், 6 கோர், 35 வாட் சிப்புங்கிறதால சும்மா இருக்கும்போது ஃபேன் சுத்துதான்னு காது வச்சுதான் கேக்கணும், பாஸ்வேர்டு ஹேஷ் (உருமாத்தி சேமிச்ச பாஸ்வேர்டு) உடைக்க விட்டா மட்டும் மெல்லிசா ஊய்ங்னு ஒரு சத்தம்.

ராம் 32 ஜிபி போட்டேன், போட்டே ஆகணும்ங்க, ஏன்னா ஒரே பிசில பல வர்ச்சுவல் மெஷின் ஓட்டுற ப்ராக்ஸ்மாக்ஸ் மேல, தாக்கிப் பாக்க காளி லினக்ஸ், பழகுறதுக்குன்னே ஓட்டைகளோட செஞ்ச மெட்டாஸ்ப்ளாய்டபிள், 180 நாள் ட்ரயல் விண்டோஸ் சர்வர்ல ஆக்டிவ் டைரக்டரி (ஆஃபீஸ் யூசர், கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கிறது), லாக் பாக்க வாஸூ எல்லாம் ஒண்ணா ஏத்தினா 16ல மூச்சு முட்டும்.

குறைன்னா லேன் போர்ட் ஒண்ணே ஒண்ணுதான். ரைசர்னு ஒரு இணைப்பு போர்டு வாங்கி இன்னொரு லேன் கார்டு போடலாம், ஆனா 2.5 இன்ச் டிஸ்க் இடம் போயிடும். நான் ப்ராக்ஸ்மாக்ஸ்ல எந்த லேன் போர்ட்டும் சேக்காம தனியா ஒரு பிரிட்ஜ் (சாஃப்ட்வேர் ஸ்விட்ச்) போட்டு ஓட்டை உள்ள வர்ச்சுவல் மெஷின் எல்லாத்தையும் அதுக்குள்ள அடைச்சிட்டேன். மெட்டாஸ்ப்ளாய்டபிளை மறந்தும் நேரா வீட்டு ரூட்டர்ல விட்றாதீங்க!

வாங்கும்போது கடையிலயே ஆன் பண்ணி எஃப்1 தட்டி பயாஸ் (மெஷினோட அடிப்படை செட்டிங்) பாஸ்வேர்டு இருக்கான்னு பாத்துடுங்க, ஆஃபீஸ்ல கழிச்சுவிட்ட மெஷின்ல அது இருக்க வாய்ப்பு உண்டு.