இங்க்ஸ்கேப்பும் கீக்ளோக்கும்: இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

எங்கள் அலுவலகம் சின்னது. லோகோ, பிரவுச்சர், ஆப் ஐகான் போடுவதும் என் வேலைதான், யார் எந்த மென்பொருளுக்குள் நுழையலாம், யார் கூடாது என்று பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். முதலாவதற்கு இங்க்ஸ்கேப், இரண்டாவதற்கு கீக்ளோக். ஒன்று படம் வரைவது, இன்னொன்று லாகின் பார்ப்பது, இதில் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு மென்பொருள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாரைக் கேட்பது என்பதிலேயே இரண்டும் எதிரெதிர். வடிவமைப்பு மென்பொருளைப் பற்றி அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சொன்னால் போதும். கீக்ளோக் மாதிரி அடையாள மேலாண்மை மென்பொருளில் நிர்வாகி 'அருமை' என்று சொல்வதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. அதை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது, அவர்கள் எரிச்சலடைகிறார்களா என்பதுதான் கணக்கு.

முதலில் இங்க்ஸ்கேப். 2003-ல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, 1.0 என்ற எண்ணைத் தொட 2020 மே வரை ஆனது. எனக்கு அதில் பிடித்தது எஸ்விஜி, படத்தை வெறும் எழுத்துக் குறிப்புகளாகச் சேமிக்கும் கோப்பு வகை. அதுதான் இங்க்ஸ்கேப்பின் சொந்தக் கோப்பு வடிவம் என்பதால், பழைய லோகோவை பிரவுசரில் திறக்கலாம், அவசரத்துக்கு நோட்பேடில் திறந்து நிறத்தின் எண்ணைத் தேடி மாற்றிச் சேமித்துவிடலாம். தமிழும் ஒழுங்காக வருகிறது. யூனிகோடு எழுத்தை ஒட்டினால் 'கொ'வின் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும், தனியாக எதையும் முடுக்க வேண்டியதில்லை. அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேடிப் போய் இயக்கினால்தான் இது சரியாக வரும், தெரியாதவர்கள் தமிழே வராது என்று விட்டுவிடுகிறார்கள்.

பிரச்சினை அச்சகத்தில்தான். "கோரல் ஃபைலா சார்? கர்வ் பண்ணி அனுப்பிடுங்க" என்பார்கள். கோரல் என்பது கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள். கர்வ் பண்ணுவது, அதாவது எழுத்தை வடிவமாக மாற்றுவது, இங்க்ஸ்கேப்பில் நொடி வேலை. ஆனால் அது கொடுக்கும் பிடிஎஃப் ஆர்ஜிபி நிறத்தில், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவையில் இருக்கும், ஆஃப்செட் அச்சுக்கு சிஎம்ஒய்கே, அதாவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் கலவை வேண்டும். திரையில் சுத்தமான கறுப்பாகத் தெரியும் எழுத்து, மாற்றும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாகிவிடும். நான்கு பிளேட்டில் ஒன்று மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும், 'ணி', 'ழு' மாதிரி எழுத்துகளின் சுழி அடைத்துக்கொள்ளும். இதற்காகவே பிரவுச்சர்களின் எழுத்துப் பகுதியை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொண்டுபோய் வைத்து, கறுப்பு நூறு சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம் என்று அங்கே அமைக்கிறேன். ஃபிளெக்ஸ் பேனருக்கு இவ்வளவு பார்க்க வேண்டாம். சுற்றுவழிதான், எரிச்சல்தான், ஆனால் எங்கே உதைக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. புரூஃபைக் கையில் எடுத்தால் புரிந்துவிடும், பிடிக்காவிட்டால் கண்ட்ரோல் இசட்.

கீக்ளோக்கில் அந்தக் கண்ட்ரோல் இசட் இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஆள் வேலையை விட்டுப் போனால் அவருடைய கணக்கை டெலீட் செய்யாதீர்கள், டிஸேபிள் செய்யுங்கள். ஒவ்வொரு பயனருக்கும் உள்ளே ஒரு நீளமான அடையாள எண் இருக்கிறது. பல ஆப்கள் பெயரையோ மெயிலையோ பார்ப்பதில்லை, அந்த எண்ணைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். டெலீட் செய்துவிட்டு அதே பெயர், அதே மெயிலில் மறுபடி உருவாக்கினால் எண் புதிதாகிவிடும். ஆப்பைப் பொறுத்தவரை வந்திருப்பது வேறு ஆள், பழைய கோப்புகள் எல்லாம் உரிமையாளர் இல்லாமல் நிற்கும்.

டிஸேபிள் செய்தாலும் அந்த நொடியே எல்லாக் கதவும் மூடிவிடாது. ஏற்கெனவே கொடுத்த அக்சஸ் டோக்கன், அதாவது உள்ளே விடும் தற்காலிக அனுமதிச் சீட்டு, அதன் ஆயுள் முடியும்வரை செல்லும், இயல்பான அமைப்பில் 5 நிமிடம். அது பரவாயில்லை. சில ஆப்கள் உள்ளே விட்டதும் தாங்களாகவே பிரவுசரில் தங்கும் தனி அடையாளக் குறிப்பான குக்கீ ஒன்றைக் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகு கீக்ளோக் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை, ஆபத்து அங்கே. ஒவ்வொரு ஆப்பையும் இணைக்கும்போதே இதைச் சோதித்துக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் மதியச் சாப்பாட்டுப் பிரச்சினை. 30 நிமிடம் சும்மா இருந்தால் செஷன், அதாவது லாகின் செய்த நிலை, முடிந்துவிடும் என்பது கீக்ளோக்கின் இயல்பான அமைப்பு. சாப்பிட்டு, டீ குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தால் எல்லாவற்றிலிருந்தும் வெளியே தள்ளியிருக்கும். "தெனமும் ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துடுது" என்றுதான் என்னிடம் புகார் வந்தது! சர்வருக்கு ஒன்றுமில்லை. அந்த நேரத்தை நான்கு மணி நேரமாக உயர்த்தினேன், கணினியின் திரைப்பூட்டைச் சீக்கிரம் விழும்படி வைத்தேன், புகார் நின்றது. எந்த அம்சப் பட்டியலிலும் இது வராது, ஆனால் எங்கள் ஆட்கள் இந்த மென்பொருளுக்கு மார்க் போட்டது இதை வைத்துத்தான்.

நிர்வாகி பக்கம் கஷ்டம் நிறைய. லாகின் முடிந்து ஆப்புக்குத் திரும்பி வரும் முகவரி தவறு என்று ஒரே வரியில் ஒரு பிழை காட்டும். காரணம் கடைசியில் ஒரு சாய்கோடாக இருக்கலாம், அல்லது கீக்ளோக்குக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் 'இது எச்டிடிபிஎஸ்' (பாதுகாப்பான இணைப்பு) என்ற தகவலைப் பின்னால் அனுப்பாததாக இருக்கலாம். மேம்படுத்தல் இன்னொரு தலைவலி. 2022-ல் வந்த 17-ஆம் பதிப்பில் அடித்தளம் வைல்ட்ஃபிளையிலிருந்து குவார்கஸுக்கு மாறியது, முகவரிகளில் இருந்த 'ஆத்' என்ற பகுதியும் இயல்பமைப்பில் காணாமல் போனது. அந்த முகவரியை நம்பியிருந்த ஒவ்வொரு ஆப்பும் உடையும். பழைய பாதையைத் திரும்பக் கொண்டுவர ஓர் அமைப்பு இருக்கிறது, ஆனால் மாற்றக் குறிப்புகளைப் படித்தால்தான் தெரியும். இங்க்ஸ்கேப்பின் புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்றால் பழையதையே நிம்மதியாக ஓட்டலாம். கீக்ளோக்கைப் பழைய பதிப்பில் விட்டுவைத்தால் பாதுகாப்பு ஓட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், பிடிக்கிறதோ இல்லையோ ஏறியாக வேண்டும்.

இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு, லாகின் பக்கம். கீக்ளோக்கில் அந்தப் பக்கத்தின் தோற்றத்தை தீம் போட்டு மாற்றலாம். லோகோவை இங்க்ஸ்கேப்பில் வரைந்து, இங்க்ஸ்கேப்பின் தனிக் குறிப்புகள் இல்லாத பிளெய்ன் எஸ்விஜியாகச் சேமித்து, தீம் கோப்புறையில் போட்டேன். செய்திகளையும் தமிழாக்கினோம். 'இன்வேலிட் யூசர்நேம் ஆர் பாஸ்வேர்ட்' என்று மிரட்டுவதற்குப் பதில் 'பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை, மறுபடி பாருங்கள்' என்று வரும்.

எங்கள் வடிவமைப்பாளர்கள் சேர்ந்து வேலை செய்ய ஆன்லைன் கருவி தேவைப்பட்டபோது இன்னொரு விஷயம் புரிந்தது. ஃபிக்மா என்ற கருவியில் சாம்ல் என்ற லாகின் நெறிமுறை வழி ஒற்றை உள்நுழைவு (எஸ்எஸ்ஓ, அதாவது ஒரே லாகினில் எல்லா ஆப்புக்கும் நுழைவது) வேண்டுமென்றால் ஆர்கனைசேஷன் திட்டத்துக்குப் போக வேண்டும். இது அவர்கள் மட்டும் செய்வதில்லை, பல நிறுவனங்கள் இதை விலை கூடிய திட்டத்தில்தான் வைக்கின்றன, தொழிலில் இதற்கு 'எஸ்எஸ்ஓ வரி' என்று பெயர். வரைகிற வசதிக்குக் காசு கேட்டால் கொடுக்கலாம், பாதுகாப்பாக நுழைவதற்குத் தனிக் காசு என்பது எனக்கு ஒப்பவில்லை. பென்பாட் என்ற திறந்த மூல வடிவமைப்புக் கருவியை எங்கள் சர்வரில் போட்டு, ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற இன்னொரு லாகின் நெறிமுறை வழியாகக் கீக்ளோக்கோடு இணைத்தோம். ஃபிக்மா அளவுக்குச் சொகுசு இல்லை, பெரிய கோப்பில் மூச்சு வாங்கும், எங்கள் வேலைக்குப் போதும்.

சரி, யாருக்கு எது? லோகோ, ஐகான், இணையப் படங்களுக்கு இங்க்ஸ்கேப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், அச்சு வேலையே பிழைப்பு என்றால் வேண்டாம். கீக்ளோக் இலவசம் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். பத்துப் பதினைந்து பேர் உள்ள அலுவலகம், எல்லோருக்கும் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் அலுவலகக் கணக்கு இருக்கிறது என்றால் அதையே லாகினாக வைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஆப்கள் நாலைந்து ஓடுகின்றன, இரவில் விழுந்தால் எழுந்து பார்க்க ஆள் இருக்கிறார் என்றால் கீக்ளோக் நல்ல தேர்வு.

அச்சு வேலைக்கு இப்போது அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2024-ல் கேன்வா நிறுவனம் அதை வாங்கியது, 2025 அக்டோபரிலிருந்து இலவசம், சிஎம்ஒய்கே இருக்கிறது. ஆனால் பயன்படுத்த கேன்வா கணக்கு வேண்டும். இங்க்ஸ்கேப் இன்றுவரை என்னிடம் பெயர்கூடக் கேட்டதில்லை. அலுவலக மெயிலில் மட்டும்தான் அந்தக் கணக்கைத் திறக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், சொந்த ஜிமெயிலில் திறந்தால் ஆள் போகும்போது கணக்கும் கூடவே போய்விடும்.