க்ளெயிம் பில்லை மின்வடிவுக்கு மாற்றிய பிறகு: கீழக்கரைப் பக்கத்து அனுபவம்

கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் மேசை என்னுடையது. பில்லை ஸ்கேன் செய்து ஒவ்வொரு கம்பெனி போர்ட்டலிலும் தனித்தனியாக ஏற்றிக்கொண்டிருந்தோம். என்எச்சிஎக்ஸ் என்கிற, ஆஸ்பத்திரிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் நடுவில் க்ளெயிம்களைக் கொண்டுசேர்க்கும் தேசியப் பரிமாற்றகம் வழியாக ஒரே வடிவில் அனுப்ப ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாறலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இது.

பரிமாற்றகம் பணம் தராது, க்ளெயிமை முடிவு செய்யவும் செய்யாது. பூட்டிய பையை உரிய இடத்தில் சேர்க்கும் தபால்காரர் வேலைதான் அதற்கு. பாலிசி நடப்பில் இருக்கிறதா என்ற விசாரிப்பு, ப்ரீ-ஆத் (சிகிச்சைக்கு முன் கம்பெனியிடம் வாங்கும் அனுமதி), கடைசி பில், கூடுதல் ஆவணம், பணம் போட்ட தகவல் எல்லாம் எஃப்எச்ஐஆர் என்ற பொது வடிவில் அதே வழியாகப் போய் வருகின்றன.

கேஷ்லெஸ் அனுமதி ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில் வர வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 மே 29 தேதியிட்ட சுற்றறிக்கை. இப்போது தெரிகிற வேகத்தில் பாதி அதனால் வந்தது. இந்த முறைக்கான மென்பொருளை விற்பவர் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வார், அது வேறு.

எங்களுக்கு உண்மையான லாபம் வேறு இடத்தில். மீனவர் ஒருவர் திருக்கை முள் குத்தி வீங்கிய காலோடு வருவார். முன்பு கேஸ் ஷீட்டில் 'மீன் குத்து' என்று இருக்கும். மீன் குத்தினதற்கு எதற்கு அட்மிஷன், குடித்திருந்தாரா என்று எங்கிருந்தோ கேள்வி வரும். இப்போது டாக்டர் சேர்க்கும்போதே ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்ப் பட்டியலின் குறியீடு போட்டாக வேண்டும்: விஷ மீன் என்றால் T63.5, ஜெல்லி மீன் வகை என்றால் T63.6. கேள்வி கணிசமாகக் குறைந்தது. டாக்டருக்குத்தான் எரிச்சல், அதுவும் ஓபி நேரத்தில் போய் நின்றால்! அறை, நர்சிங், தியேட்டர், மருந்து எல்லாம் தனித்தனி வரியாக விழுவதால், கையுறை மாதிரி கம்பெனி தராத செலவு எவ்வளவு என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. கவுன்ட்டர் சண்டை பாதியானதே இதனால்தான்.

பெயர் விஷயத்தில்தான் தலைவலி. படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கிறது. நம்மிடம் இருப்பது இனிஷியல். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாலிசியில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எழுதவே நாலைந்து விதம். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று தெரியும். கணினி 'பொருந்தவில்லை' என்று திருப்பிவிடும். ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண் இருந்தால் சுலபம்தான். அதை ஆதார் ஓடிபி வைத்து எடுக்கப் போனால், "ஓடிபி மகன் போனுக்குல்ல போகும் தம்பி, அவன் துபாய்ல இருக்கான்" என்பார் ஒரு அம்மா. மகனைக் கூப்பிட்டால் அவர் வேலையில் இருப்பார். அதனால் வரவேற்பிலேயே ஆதாரையும் பாலிசியையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்க ஒருவரைப் போட்டோம். வேறு வழி தெரியவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தள்ளிப்போட்ட ஹெர்னியா, மூலம் ஆபரேஷனெல்லாம் அப்போதுதான் வரும். அந்த நெரிசலில் புது முறை தாங்கியது. நெட் போனால் மட்டும் பழையபடி போன்தான்.

பணக் கணக்கும் கொஞ்சம் தெளிந்தது. முன்பு ஒரே யுடிஆர் நம்பரில் (வங்கிப் பணமாற்று எண்) பல க்ளெயிம் பணம் மொத்தமாக விழும். அதில் 10 சதவீத டிடிஎஸ் எது, வெட்டியது எது என்று பிரிக்கவே மாதக் கடைசி போய்விடும். இப்போது தகவல் அனுப்பும் கம்பெனிகளுக்கு க்ளெயிம் வாரியாகப் பார்க்கலாம். எல்லோரும் அனுப்புவதில்லை. சிலர் இன்னும் தங்கள் போர்ட்டலிலேயே ஏற்றச் சொல்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் எங்களிடம் தனி லாகின்தான். ஆக, வேலை குறைந்தது என்பதைவிட, டிஸ்சார்ஜ் அன்று செய்த வேலை அட்மிஷன் அன்றைக்கு நகர்ந்தது என்பதே சரி. ஆளைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மென்பொருள் விற்பவர் டெமோ காட்ட வந்தால், இனிஷியல் மட்டும் உள்ள பெயரில் ஒரு ப்ரீ-ஆத், அப்புறம் அதே ஆளின் பில்லைத் திருத்தி மறுபடி அனுப்புவது, இரண்டையும் கண்முன் செய்யச் சொல்லுங்கள். வருடப் பராமரிப்புக் கட்டணப் பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.